இனிஷியல் மாறினாலும் ஆள் மாறவில்லை

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். அதனால் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லப் போகிறேன். 'பெர்ல்' என்னும் கம்ப்யூட்டர் மொழியில் ஒரு பெயர் எதுவரை செல்லுபடியாகும் என்பதே அது. லாரி வால் 1987-ல் வெளியிட்ட மொழி. இன்று புதிதாகக் கற்பவர்கள் குறைவு. ஆனால் இதில் எழுதிய பழைய புரோகிராம்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. நீங்கள் வேலைக்குப் போகும் இடத்தில் அதில் ஒன்று உங்கள் தலையில் விழலாம்.

அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் இரண்டு செல்வம் இருந்தால் என்ன செய்வோம்? க. செல்வம், மு. செல்வம் என்று இனிஷியல் போடுவோம். பெர்லில் 'பேக்கேஜ்' செய்வதும் அவ்வளவுதான். நாமோ அந்தச் சொல்லைக் கேட்டதும் பூட்டு போட்ட பெட்டி என்று நினைத்துவிடுகிறோம். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

பெயர்களை ஆளும் சொற்களில் மூன்றைப் பார்ப்போம். 1994-ல் பெர்ல் 5-உடன் வந்த 'மை', எந்த பிளாக்கில் எழுதினோமோ அதற்குள் மட்டும் தெரியும். 'லோக்கல்' அதைவிடப் பழையது. வகுப்புக் கரும்பலகையைத் துடைத்து வேறு எழுதுவது போல. அந்த நேரத்தில் உள்ளே வரும் எல்லோருக்கும் புது எழுத்துதான் தெரியும், பீரியட் முடிந்ததும் பழையது தானே திரும்பிவிடும். மூன்றாவது, 2000-ல் 5.6 பதிப்பில் வந்த 'அவர்'. நம்ம ஊர் 'அவர்' இல்லீங்க, 'நம்முடைய' என்று பொருள். ஹாஸ்டல் அறையில் "இங்கே செல்வம்னா க. செல்வம்தான்" என்று பேசி வைப்பது போன்றது.

இப்போது கவனியுங்கள். அந்தப் பேச்சு அறை முடியும்வரை செல்லும். அறைக்கு நடுவே பேக்கேஜை மாற்றி மு. இனிஷியல் போட்டாலும், "செல்வம்" என்று கூப்பிட்டால் க. செல்வம்தான் எழுந்து வருவார்!

இது வெறும் வேடிக்கை இல்லை. நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இரண்டு கிளைகளுக்குத் தாமதக் கட்டணம் போடும் இரண்டு ஃபைல்கள் இருந்தன. ஒன்றில் 2 சதவீதம், மற்றதில் 3 சதவீதம். முதல் ஃபைல் விகிதத்தின் பெயரை 'அவர்' போட்டு அறிவித்தது. இரண்டாவது பழைய 'யூஸ் வார்ஸ்' முறையில் அறிவித்தது. தனித்தனியாக இருந்தவரை இரண்டும் சரி. தூக்கிப்போக வசதி என்று யாரோ ஒரே ஃபைலாக ஒட்டினார்கள். இரண்டாம் பேக்கேஜ் 3 என்று எழுதியது, முதல் பேக்கேஜின் விகிதத்தில் போய் விழுந்தது. முதல் கிளைக்காரர்கள் எல்லோருக்கும் 3 சதவீதம்! 'ஸ்ட்ரிக்ட்' வாயே திறக்கவில்லை; அறிவித்த பெயர்தானே, அது ஏன் கேட்கும்? பென்சிலும் பேப்பருமாகக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்த ஒரு வாடிக்கையாளர்தான் கண்டுபிடித்தார். பிறகு பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

மருந்து எளிது. ஒரே ஃபைலில் இரண்டு பேக்கேஜ் இருந்தால் ஒவ்வொன்றையும் தனி பிளாக்குக்குள் அடையுங்கள். 2011-ல் வந்த 5.14 முதல் பேக்கேஜ் பெயரை ஒட்டியே பிளாக் போடலாம். வெளியே தெரிய வேண்டாத பெயருக்கு 'மை' போதும். அதையும் பிளாக்குக்குள் வையுங்கள், ஏனென்றால் 'மை'யும் பேக்கேஜ் எல்லையைத் தாண்டும்.

தம்பி தங்கைகளே, எந்த மொழி கற்றாலும் முதல் நாளே இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தப் பெயர் யாரைக் குறிக்கிறது? அது எந்த இடம்வரை செல்லும்? இரண்டுக்கும் விடை ஒன்றே என்று நினைத்தால், அந்த நினைப்புக்கு வேறு யாரோ பணம் கட்டுவார்கள்.