வெள்ளித்திரையும் மீனவர் வலையும்



மக்கள் மனங்கவர்ந்த நாவலொன்று திரைப்படமாகும்போது மூலத்துக்கு என்ன நேர்ந்தது என்றே நாம் பெரும்பாலும் வினவுகிறோம். கதை சிதைந்ததா, பாத்திரங்கள் மாறினவா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அக்கதை காட்டும் தொழிலுக்கும் அதனைச் செய்யும் மக்களுக்கும் என்ன நேர்ந்தது என்று கேட்போர் குறைவு. மீன்பிடித் தொழிலை வைத்து இவ்வினாவை இன்று சற்று நோக்குவோம்.

இதனை என் மனதில் எழுப்பியவள் ஒரு மாணவி. நான் வாழ்வது தெல்தெனியவில். பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. அணை 1985இல் திறந்துவைக்கப்பட்டது. கடைத்தெரு இருந்த இடத்துக்கு மேலே இன்று வலை போட்டுத் திலாப்பியா பிடிக்கிறார்கள். அப்படி வலை போடுபவர் ஒருவரின் மகள் அவள்.

வகுப்பில் தகழி சிவசங்கரப்பிள்ளையின் 'செம்மீன்' பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். 1956இல் மலையாளத்தில் வெளிவந்த நாவல்; சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்தது. 1965இல் ராமு காரியாட் அதனைப் படமாக்கினார். தென்னிந்தியப் படங்களுள் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தை முதன்முதலில் பெற்றது அதுவே. கடலுக்குப் போனவனின் உயிர் கரையிலிருக்கும் மனைவியின் கற்பிலே தங்கியுள்ளது என்ற நம்பிக்கைதான் கதையின் அச்சாணி என்று விளக்கினேன். அவள் எழுந்து, "சேர், அப்பாவுக்கு மீன் படாட்டி அது அம்மாவோட குத்தமா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. "அது ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான்" என்று கூறிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டேன். விடை சொல்லாமல் தப்பினேன் என்பதே உண்மை.

அவ்வினாவை அவளுக்கு முன்பே எழுப்பியவர் உண்டு. கேரளத்து மீனவர் சமூகத்தைச் சேர்ந்த டாக்டர் வேலுக்குட்டி அரயன், இந்நாவல் தம் மக்களைப் பிழையாகச் சித்திரிக்கிறது என்று கடுமையாக மறுத்து எழுதினார். ஆனால் மறுப்பைப் படித்தோர் எத்தனை பேர்? படத்தைப் பார்த்தோர் எத்தனை பேர்? கடலையே காணாத ஊர்களிலும் மீனவப் பெண் என்றால் கறுத்தம்மாவே நினைவுக்கு வரும்படி ஆயிற்று.

இதற்கு மாறான ஓர் அனுபவம் அமெரிக்காவில் உண்டு. நோர்மன் மக்லீன் 1976இல் எழுதிய, ஆறும் ஒரு குடும்பமும் பற்றிய குறுநாவலை ரொபர்ட் ரெட்போர்ட் 1992இல் படமாக்கினார். இறகும் நூலும் சுற்றிய பொய் ஈயைத் தூண்டிலில் கட்டி, நீர்மேல் வீசி, ட்றவுட் மீனை ஏமாற்றிப் பிடிக்கும் கலை அதில் வருகிறது. வெள்ளைக்காரர் நுவரெலியா ஓடைகளில் ட்றவுட்டை விட்டு வளர்த்ததும் இந்த விளையாட்டுக்காகவே. படம் வந்தபின் தூண்டிற்கோல் வியாபாரம் பெருகியது. மொன்டானா ஆற்றங்கரைகளில் புதியவர் குவிந்தனர். பழைய தூண்டிற்காரர் சலித்துக்கொண்டனர். எனினும் நன்மையும் விளைந்தது. கதையில் வரும் பிளக்பூட் ஆறு சுரங்கக் கழிவாலும் மரம் வெட்டியதாலும் கெட்டிருந்தது. எனவே மீன்பிடிக் காட்சிகளைப் பெரும்பாலும் வேறு ஆறுகளிலேயே எடுத்தார்கள். அந்த ஆற்றை மீட்கும் முயற்சிக்கு நூலும் படமும் பேராதரவு தேடிக்கொடுத்தன.

இரண்டுக்கும் வேறுபாடு எங்கே? அங்கே படம் பார்த்தவன் தூண்டிலோடு தண்ணீரில் இறங்கினான். திரை காட்டியதில் எது மெய், எது பொய் என்பதை ஆறு அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது. செம்மீன் பார்த்தவன் கடலில் இறங்கவில்லை. கண்டதை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

நம் நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது. பேராதனையில் பயின்ற செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று', 1978இல் பிரேம்நாத் மொறாயஸின் இயக்கத்தில் படமாயிற்று. நெடுந்தீவுக் கரையில் வாடி அமைத்துத் தொழில் செய்ய வரும் மீனவரின் கதை அது. அங்கும் காதல் உண்டு, பகை உண்டு. ஆனால் காற்று எப்போது திரும்பும், வலை எங்கே படும் என்ற தொழிற்கவலை கதையோடு பின்னியிருக்கிறது. அதனாலேயே அந்நாவல் எனக்கு நெருக்கமானது.

மறுவாரம் அந்த மாணவியிடம், உன் வீட்டில் நடப்பதை ஒரு பக்கம் எழுதி வா என்றேன். எழுதி வந்தாள். விடியுமுன் அப்பா கரைக்கு வருகிறார். அம்மா வலையிலிருந்து மீனைக் கழற்றுகிறாள். கிழிந்த கண்ணிகளைப் பொத்துகிறாள். பிறகு தெருவோரத்தில் தராசு வைத்து விற்கிறாள். அப்பாவின் உயிர் அம்மாவின் கையில் இருப்பது உண்மைதான் என்று முடித்திருந்தாள்.

அவளுக்கு நான் சொல்லாமல் விட்ட விடையை அவளே எழுதிவிட்டாள். அந்தப் பக்கத்தை இப்போது செம்மீன் பாடத்தோடு சேர்த்தே வகுப்பில் வாசிக்கிறேன்.