சுவாமியின் அப்பா

(கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் பெற்றோர்களிடையே ஆற்றிய உரை)



'பிள்ளைகளும் செல்போனும்' என்று எங்களுக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். செல்போன் கெடுதல் என்று பேசி முடித்தால் எல்லோரும் தலையாட்டிவிட்டு, வெளியே போனதும் அதே செல்போனை எடுத்துப் பார்ப்போம். அதனால் வேறு ஒன்றைப் பேசுகிறோம். எங்கள் சின்ன வயதில் டி.வி.யில் வந்த ஒரு பையனைப் பற்றி. சரியாகச் சொன்னால், அந்தப் பையனுடைய அப்பாவைப் பற்றி.

நாங்கள் மூன்று பிள்ளைகள். அக்கா, அண்ணன், தம்பி. ஊர் பாபநாசம் பக்கம், குடமுருட்டி ஆற்றை ஒட்டி. எண்பதுகளில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் கிடையாது. சபர் போனவர்கள். சிங்கப்பூர், மலேசியா என்று போன தலைமுறை முடிந்து, சவூதி, துபாய் என்று போன தலைமுறை. எங்கள் அத்தா தம்மாமில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டு மாத லீவு. மற்றபடி அவர் எங்களுக்கு ஒரு கேசட். இளைய பிள்ளைகளுக்கு இது புரியாது. அந்தக் காலத்தில் கடிதம் எழுத வராதவர்கள், எழுதி மனசு ஆறாதவர்கள், கேசட்டில் பேசிப் பதிவு செய்து ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார்கள். அறுபது நிமிட கேசட்டில் அத்தா எங்கள் பேரைச் சொல்லி, நல்லாப் படிக்கணும் என்பார். பின்னால் ஏ.சி. ஓடுகிற சத்தம் கேட்கும். இன்றைக்கும் ஏ.சி. சத்தம் கேட்டால் எங்களுக்கு அத்தா ஞாபகம்தான்.

டி.வி. எங்கள் வீட்டில் இல்லை. வீட்டுக்குள் அது வரவே கூடாது என்பது நன்னியின் முடிவு. எதிர்வீட்டில் ஒரு சபராளி, சாலிடேர் பெட்டி வாங்கி வைத்திருந்தார். மாடியில் தென்னை உயரத்துக்கு ஆன்டெனா. ஆடிக் காற்று அடித்தால் அது திரும்பிக்கொள்ளும். ஒரு பையன் மேலே ஏறித் திருப்ப வேண்டும், இன்னொருவன் கீழே நின்று 'தெரியுது, தெரியல' என்று கத்த வேண்டும். மக்ரிபுக்குப் பாங்கு சொன்னால் பெட்டியை அணைத்துவிடுவார்கள். அதற்கு மட்டும் யாரும் முகம் சுளித்ததில்லை. நன்னிக்குத் தெரியாமல் நாங்கள் அங்கேதான் இருப்போம். நன்னிக்குத் தெரியாது என்று நாங்கள்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்போது தூர்தர்ஷனில் வந்ததுதான் 'மால்குடி டேஸ்'. ஆர்.கே. நாராயண் எழுதிய கதைகளைக் கன்னட நடிகர் சங்கர் நாக் இயக்கினார். கர்நாடகத்தில் அகும்பே என்ற மழைக்கார ஊரில் எடுத்தார்கள். இசை எல். வைத்தியநாதன், நம்மூர்க்காரர். தொடக்கத்தில் வரும் கோட்டுச் சித்திரங்கள் நாராயணின் தம்பி ஆர்.கே. லட்சுமண் வரைந்தவை. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அதில் சுவாமி என்று எங்கள் வயதுப் பையன் ஒருவன் வந்தான். மாஸ்டர் மஞ்சுநாத் என்ற சிறுவன் நடித்தான்.

பேச்செல்லாம் இந்தி. தெருவில் இந்தி தெரிந்தவர் கிடையாது. உருது பேசுகிற வீட்டு மாமி ஒருவர் மட்டும் நடுவில் உட்கார்ந்து எங்களுக்குச் சொல்லிக்கொண்டே வருவார். ஆனால் சுவாமியைப் புரிந்துகொள்ள மாமிகூட வேண்டியிருக்கவில்லை. பரீட்சை என்றால் வயிறு கலங்கும். ஹெட்மாஸ்டரைக் கண்டால் உதறும். ராஜம், மணி என்று கூட்டாளிகள். வீட்டில் பாட்டி. ஊரை ஒட்டி ஆறு. சரயு என்று பேர், எங்களுக்கு அது குடமுருட்டிதான்.

எல்லாம் எங்களிடமும் இருந்தது. அப்பா மட்டும்தான் இல்லை.

சுவாமியின் அப்பாவாக நடித்தவர் கிரீஷ் கர்னாட். பெரிய நாடக ஆசிரியர், பின்னாளில் திப்பு சுல்தானைப் பற்றியே ஒரு நாடகம் எழுதியவர். திரையில் அவர் ஒரு கண்டிப்பான வக்கீல். சாயங்காலம் வீட்டுக்கு வருவார். கூப்பிட்டு உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொல்வார். சுவாமி நடுங்குவான். பார்க்கிற பிள்ளைகள் எல்லோரும் சுவாமி பக்கம்தான். நாங்களும் சிரித்தோம். ஆனால் ஒரு நாள் வீட்டுக்கு வந்து படுத்ததும் அண்ணன் இருட்டில் சொன்னான்: "பயப்படுறதுக்காவது அவனுக்கு ஒரு அத்தா வீட்டுல இருக்காரு." அக்கா அவன் வாயைப் பொத்தினாள். பக்கத்தில் அம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

பல வருடம் கழித்து அந்த நாவலைப் படித்தோம். 1935-ல் வந்தது. அதில் மாம்பழக் கணக்கு ஒன்று வரும். ராமனிடம் பத்து மாம்பழம், பதினைந்து அணாவுக்கு விற்க வேண்டும், கிருஷ்ணனுக்கு நாலு போதும், அவன் எவ்வளவு கொடுக்க வேண்டும்? சுவாமிக்கு விடை வராது. பழம் பழுத்திருக்கிறதா என்ற யோசனைதான் வரும். விடை ஆறு அணா. படித்தவர்கள் எல்லோரும் சிரிக்கிற இடம் அது. நாங்கள் மட்டும் சிரிக்கவில்லை. லீவு நாளில் பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்து மாம்பழக் கணக்குக் கேட்க ஓர் ஆள் வீட்டில் இருக்கிறாரே என்றுதான் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1988 அக்டோபரிலிருந்து 1990 ஜூன் வரை பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம், 94 வாரம். எதிர்வீட்டுக் கூடம் நிரம்பி, திண்ணை நிரம்பி, ஜன்னலிலும் தலை. பாதிப் பேர் அக்கம்பக்கத்து இந்துக் குடும்பங்கள். இங்கேயும் நம்ம உருது மாமிதான் மொழிபெயர்ப்பு. ஆனால் அந்த இந்தி சமஸ்கிருதம் கலந்த கனமான இந்தி, மாமி தடுமாறுவார். அப்போது பக்கத்துத் தெருப் பெரியம்மா, "இரு இரு, இது கர்ணன் கதை" என்று விட்ட இடத்தை எடுத்துக்கொள்வார். மாமிக்கு வார்த்தை தெரியும், பெரியம்மாவுக்குக் கதை தெரியும். இரண்டு பேரும் சேர்ந்துதான் எங்களுக்கு மகாபாரதம் சொன்னார்கள்.

அந்தத் தொடரின் வசனத்தை எழுதியவர் ஒரு முஸ்லிம், ராஹி மாசூம் ரஸா, என்று அன்றைக்கு அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது. கங்கை ஓடும் காஜிப்பூர் மாவட்டத்தில் பிறந்து, அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே பாடம் நடத்தியவர். ஒரு முஸ்லிம் இதை எழுதுவதா என்று எதிர்ப்பு வந்தது, அப்புறமும் எழுதினார். தெரிந்திருந்தால் மாமி இன்னும் கொஞ்சம் சத்தமாக மொழிபெயர்த்திருப்பார்.

1990-ல் சஞ்சய் கான் எடுத்த திப்பு சுல்தான் தொடர் வந்தது. அதன் படப்பிடிப்பின்போதுதான் முந்தைய ஆண்டு மைசூர் பிரீமியர் ஸ்டுடியோவில் தீப்பிடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். திப்புவை நாங்கள் பெருமையோடு பார்த்தோம், வாழைமட்டையில் வாள் செய்து சண்டை போட்டோம். ஆனால் உண்மையைச் சொன்னால், திப்பு ஆறு மாதத்தில் மனசை விட்டுப் போய்விட்டார். அரசனை வைத்துக்கொண்டு எங்கள் தெருவில் என்ன செய்வது? சுவாமியின் அப்பா போகவில்லை.

பிறகு எல்லாம் மாறியது. 2006-க்கு அப்புறம் அரசாங்கம் இலவச வண்ண டி.வி. கொடுத்தது. மாநிலம் முழுக்க ஒரு கோடிக்கும் மேல். நல்ல காரியம்தான், ஏழை வீட்டுப் பிள்ளை அடுத்த வீட்டு ஜன்னலில் தொங்க வேண்டியதில்லை. ஆனால் அதோடு அந்தக் கூடம் கலைந்தது. 2007-ல் சுட்டி டி.வி. வந்தது. தமிழ் பேசுகிற டோரா, கூடவே புஜ்ஜி என்ற குரங்கு. எங்கள் அக்கா மகள் ஒரு பையை மாட்டிக்கொண்டு, நோட்டில் வரைபடம் போட்டுக்கொண்டு வாய்க்கால் வரை போய் வருவாள். ஒரு பெண்பிள்ளை வழி கேட்டு வழி கேட்டுத் தானே போய்ச் சேர்கிறாள் என்பது அவள் மனசில் நன்றாகத்தான் பதிந்திருக்க வேண்டும். இப்போது தஞ்சாவூரில் கல்லூரிக்குப் பஸ்ஸில் தனியாகப் போய் வருகிறாள், அம்மாவுக்குத்தான் வழி தெரியவில்லை.

இனி, இன்றைக்கு. இருட்டில் அப்படிச் சொன்ன அண்ணன் இப்போது எங்கே இருக்கிறான் என்று நினைக்கிறீர்கள்? துபாயில். இருபது வருடமாகிறது. ஊரில் அவனுக்கு ஏழு வயதுப் பையன். கேசட் காலம் போய்விட்டது, தினமும் வீடியோ காலில் முகம் பார்க்கிறான். அத்தா முகத்தை நாங்கள் பார்த்ததைவிட நூறு மடங்கு கூடுதலாக இந்தப் பிள்ளை தன் அத்தா முகத்தைப் பார்க்கிறது. ஆனால் போன் வருகிற நேரமெல்லாம் பையன் கையில் கார்ட்டூன் ஓடும். "என்னம்மா சாப்பிட்டே?" "சோறு." "ஸ்கூல் போனியா?" "போனேன்." அவ்வளவுதான். அவன் கண் மேலே வந்து நிற்கிற அழைப்பை எப்போது தள்ளிவிடலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் உண்மையிலேயே தள்ளிவிட்டான். அன்றைக்கு அண்ணன் எங்கள் இரண்டு பேருக்கும் போன் செய்து அழுதான். நாற்பத்தைந்து வயது ஆள்.

திட்டி, போனைப் பிடுங்கி வைத்துப் பார்த்தோம். பிடுங்கினால் அத்தாவோடு பேசுவதற்கும் அந்தப் போன்தான். பிறகு அக்காதான் கேட்டாள்: "அவன் என்ன பார்க்கிறான்னு உனக்குத் தெரியுமா?" அண்ணனுக்குத் தெரியவில்லை. வீட்டில் இருந்த எங்களுக்கும் தெரியவில்லை. பார்த்தால், சோட்டா பீம். லட்டு தின்றால் பலம் வருகிற ஒரு பையன். 2008-லிருந்து ஓடுகிறது, ஹைதராபாத் கம்பெனி தயாரிப்பு.

அண்ணன் ஓர் அறையில் எட்டுப் பேரோடு அடுக்குக் கட்டிலில் படுக்கிறவன். ராத்திரி வேலை முடிந்து வந்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தினம் ஒரு எபிசோடு பார்க்கத் தொடங்கினான். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டு பேர் பிறகு தங்கள் பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள் என்று ஊருக்குப் போன் போட்டுக் கேட்டார்களாம்.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது வாரம் அண்ணன், "அந்தக் காலியா பயலுக்கு நேத்து என்ன ஆச்சு?" என்று கேட்டதும் பையன் நிமிர்ந்து பார்த்தான். பார்த்தவன் ஓடிப்போய் அம்மாவிடம், "அத்தாவுக்குக் காலியாவைத் தெரியும்" என்றான். இப்போது ராத்திரி ஒன்பதரைக்கு அவனே போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். பீமில் தொடங்கி ஸ்கூல், வாத்தியார், பக்கத்துப் பெஞ்சுப் பையனோடு நடந்த சண்டை என்று போகிறது. அண்ணன் நடுவே ஒரு கணக்கும் போட்டுவிடுகிறான். பத்து லட்டு பதினைந்து ரூபாய் என்றால் நாலு லட்டு எவ்வளவு? பையனுக்கு விடை வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது.

போன வெள்ளிக்கிழமை நாங்கள் பக்கத்தில் இருந்தோம். ஓவர்டைம் பார்த்துக் களைத்துப் போயிருந்த அண்ணன் ஏதோ ஒரு கதையை மாற்றிச் சொல்லிவிட்டான். பையன் போனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கண்டிப்பான குரலில் சொன்னான்: "அத்தா, நீங்க ஒரு எபிசோடு பாக்கி வச்சிருக்கீங்க. பாத்துட்டு நாளைக்குப் பேசுங்க."