மார்த்தா யாரிடம் முறையிட்டார்?



மாலை ஆறரை மணி. பேருந்து நெரிசலில் நின்றபடியே வீடு திரும்புகிறோம். எல்லோர் முன்னிலையிலும் மேலதிகாரி சொன்ன ஒரு வார்த்தை மனத்தை இன்னும் அரித்துக்கொண்டிருக்கிறது. அங்கே வாய் திறக்க முடியவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பிள்ளை நோட்டுப் புத்தகத்தோடு ஓடி வருகிறது. "போ அந்தப் பக்கம்" என்று எரிந்து விழுகிறோம். பிள்ளையின் முகம் வாடிப்போகிறது. வேலையிடத்தில் வாங்கிய சுமையை, ஒரு பாவமும் அறியாத பிஞ்சின்மேல் இறக்கிவிட்டோம்.

லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் வரும் மார்த்தாவுக்கும் மூச்சுவிட முடியாத வேலை. சகோதரி மரியாவோ ஆண்டவரின் காலடியில் அமர்ந்துவிட்டார். இயேசு மார்த்தாவைத் திருத்தியதையே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அவர் தம் மனக்குறையை எங்கே கொண்டுபோனார் என்று கவனித்திருக்கிறோமா? நேரே ஆண்டவரிடம் வந்தார். உமக்கே அக்கறை இல்லையோ என்று கேட்கும் அளவுக்கு மனம் திறந்து முறையிட்டார். இயேசு முகம் சுளிக்கவில்லை. இருமுறை பெயர் சொல்லி அழைத்து, அவர் மனத்தை அலைக்கழித்த கவலையைத் தொட்டுக் காட்டினார்.

யோவான் நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில், பெத்தானியாவில் மீண்டும் ஒரு விருந்து. மார்த்தா பரிமாறுகிறார். மரியா இப்போதும் ஆண்டவரின் காலடியில்தான். முறுமுறுப்பும் எழுகிறது. ஆனால் அது மார்த்தாவிடமிருந்து அல்ல, யூதாசிடமிருந்து. மார்த்தாவின் வேலை மாறவில்லை. அவர் மனச்சுமைதான் இறங்கியிருக்கிறது.

அன்பானவர்களே, நம் வேலையும் நாளைக்கே குறைந்துவிடப் போவதில்லை. ஆனால் மாலையில் மூவேளை செபம் சொல்லும் நல்ல மரபு நமக்கு உண்டு. வீட்டுக்குள் நுழையுமுன் அந்த ஒரு நிமிடம் நிற்போம். "ஆண்டவரே, இன்று இந்த வார்த்தை எங்களைப் புண்படுத்தியது. இதை உம்மிடம் வைத்துவிட்டுப் போகிறோம்" என்று நடந்ததை நடந்தபடியே சொல்வோம். அலங்காரச் சொற்கள் தேவையில்லை.

அநீதியைப் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதல்ல இதன் பொருள். கேட்க வேண்டியதை, கேட்க வேண்டியவரிடம், மனம் அமைதியான பிறகு கேட்போம். அதற்கான துணிவையும் இறைவனே தருவார்.

பொழுது சாயுமுன் சினம் தணியட்டும் என்பது எபேசியருக்குத் திருத்தூதர் பவுல் தரும் அறிவுரை. இன்று பிள்ளையிடம் எரிந்து விழுந்திருந்தால், அது தூங்குமுன் அருகில் அமர்வோம். நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து, "அப்பா உன்மேல் கோபப்பட்டது தப்பு" என்று சொல்வோம். பிறகு அந்த நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்ப்போம்.

இறைவன் நம் உழைப்பையும் நம் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.