கிட்டார் வாசித்துக் குடும்பம் நடத்த முடியுமா?

(மில் தொழிலாளர் படிப்பு வட்டத்தில் பேசிய பேச்சு)



சென்ற கூட்டம் முடிந்ததும் ஸ்பின்னிங்கில் வேலை செய்யும் இளந்தோழர் ஒருவர் நம்மை ஓரமாக அழைத்தார். பஞ்சப்படியைப் பற்றியோ பதிலிகளை நிரந்தரமாக்குவது பற்றியோ கேட்கப் போகிறார் என்று நினைத்தோம். அவர் கேட்டது வேறு. "தோழர், மடியில் படுக்கவைத்து இரும்புத் துண்டால் இழுத்து வாசிக்கிறார்களே ஒரு கிட்டார், அதை மட்டும் வாசித்து ஒரு மனிதன் குடும்பம் நடத்த முடியுமா?" என்றார்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. முழுநேர ஊழியராக வந்த நாள் முதல் "இதை வைத்து என்னத்தைச் சாப்பிடுகிறாய்?" என்று நம் சொந்தக்காரர்கள் நம்மிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தக் கேள்வி எங்கே குத்தும் என்று நமக்குத் தெரியும். ஆகவே, "படித்துப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறோம்" என்றோம். படித்தோம். சொல்கிறோம்.

முதலில் வாத்தியம். கோட்டு வாத்தியத்தைக் கச்சேரியில் பார்த்தவர்கள் இங்கே இருக்கலாம். மெட்டில் விரலை அழுத்தாமல், ஒரு கட்டையைத் தந்திமேல் வழுக்கி ஓட்டி வாசிப்பார்கள். ஸ்டீல் கிட்டாரும் அதே வகைதான். தந்திகளைச் சற்று உயர்த்திக் கட்டி, இடது கையில் எஃகுத் துண்டைப் பிடித்து வழுக்கவேண்டும். குரல் குழைவதுபோலச் சுரம் குழையும். ஒரு காலத்தில் வானொலியில் பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே சினிமாப் பாட்டின் மெட்டை மட்டும் வாசித்துப் போடுவார்களே, அதில் அழுகிற மாதிரி ஒலிக்கும் கிட்டார் பலமுறை இதுதான்.

இது பிறந்த இடம் பசிபிக் சமுத்திரத்தின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகள். மாடு மேய்க்க வந்த மெக்சிகோக்காரர்கள் கிட்டாரை அங்கே கொண்டுவந்தார்கள். 1889 வாக்கில் ஜோசப் கெகுகு என்ற பள்ளி மாணவன் தந்திமேல் எஃகை வழுக்கி வாசிக்கும் முறையைக் கண்டுபிடித்தான் என்பது பெரும்பாலோர் சொல்லும் வரலாறு. வேறு சில பெயர்களையும் சொல்வார்கள். நமக்கு அந்த வழக்கு வேண்டாம். அந்தக் காலத்தில் ஹவாயில் நடந்தது என்ன என்பதுதான் முக்கியம். 1893-ல் கரும்புத் தோட்ட முதலாளிகளும் அவர்களைச் சேர்ந்தவர்களும், அமெரிக்கக் கப்பற்படை வீரர்கள் கரையில் இறங்கி நிற்க, லிலியுவோகலானி ராணியின் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். 1898-ல் அமெரிக்கா அந்தத் தீவுகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. நிலம் போயிற்று, ஆட்சி போயிற்று. கையில் இருந்த கிட்டாரோடு பல இளைஞர்கள் கப்பலேறினார்கள்.

கெகுகு 1904-ல் ஊரை விட்டார். அமெரிக்கா முழுவதும் மேடைகளில் வாசித்தார். பிறகு ஒரு நாடகக் குழுவோடு ஐரோப்பாவுக்குப் போய்ப் பல ஆண்டுகள் சுற்றினார். கடைசிக் காலத்தில் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்து ஜீவனம் நடத்தி, 1932-ல் நியூ ஜெர்சியில் காலமானார். பிறந்த மண்ணில் அல்ல. சோல் ஹூபி என்ற இன்னொரு மேதை சிறுவனாக இருந்தபோது டிக்கெட் இல்லாமல் கப்பலில் ஒளிந்து சான் பிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தார் என்பார்கள்.

அவர்கள் போன நேரம் நல்ல நேரம். 1915-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிரம்மாண்டமான உலகப் பொருட்காட்சி நடந்தது. சுமார் 1 கோடியே 80 லட்சம் பேர் பார்த்தார்கள். அங்கே ஹவாய் மண்டபத்தில் இந்த இசை ஒலித்தது. அமெரிக்கர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது! இசைத்தட்டுக் கம்பெனிகள் ஹவாய் இசையை விற்றுத் தள்ளின. சர்க்கஸ், நாடகம், ஓட்டல், ஊமைப்படக் கொட்டகை என்று எல்லா இடத்திலும் ஸ்டீல் கிட்டார் வேண்டும் என்றார்கள். அந்தச் சில ஆண்டுகளில், நம் இளந்தோழர் கேட்ட கேள்விக்கு, "முடியும்" என்று தயங்காமல் பதில் சொல்லியிருக்கலாம்.

எப்படி முடிந்தது என்பதற்கு ஒரு குடும்பத்தைச் சொல்கிறோம். டாவ் மோ என்பவர் 1928-ல் மனைவி ரோஸோடு ஒரு குழுவில் சேர்ந்து ஹவாயை விட்டுக் கிளம்பினார். ஆசியா, ஐரோப்பா என்று ஊர் ஊராகச் சுற்றினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நம் கல்கத்தாவிலேயே தங்கி வாசித்தார். பிள்ளைகள் பிறந்து நடக்கத் தொடங்கியதும் அவர்களும் மேடை ஏறினார்கள். மீண்டும் ஹவாயில் நிலையாகக் குடியேற ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஆயுள் முழுவதும் வாத்தியத்தால் வாழ்ந்தார் என்று எழுதுகிறார்கள். உண்மைதான். ஆனால் அது ஒரு ஆளின் சம்பாத்தியம் அல்ல. புருஷன் வாசிக்க, மனைவி பாடி ஆட, பிள்ளைகளும் சேர, நான்கு பேர் உழைத்து ஒரு அடுப்பு எரிந்தது. நாற்று நடவுக்குக் குடும்பத்தோடு போகிற விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு இந்தக் கணக்கை நாம் விளக்க வேண்டியதில்லை.

பிறகு வந்தது அடி. 1927-ல் பேசும் படம் வந்தது. ஊமைப்படத்துக்கு வாசித்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான வாத்தியக்காரர்கள் கொட்டகைகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1929-ல் நெருக்கடி. ஓட்டல்காரன் இசைக்குழுவை நிறுத்திவிட்டுக் காசு போட்டால் இசைத்தட்டு பாடும் பெட்டியை வாங்கி வைத்தான். ரேடியோக்காரனும் ரிக்கார்டை வைத்தான்.

இங்கே சற்று நில்லுங்கள், தோழர்களே. நீங்கள் நெய்த துணி கிழியும். கிழிந்தால் மறுபடி நெய்யவேண்டும். உங்கள் வேலை அங்கே இருக்கிறது. வாத்தியக்காரன் ஒருநாள் கூலிக்கு ஒரு ரிக்கார்டுக்கு வாசிக்கிறான். அந்த ரிக்கார்டு கிழியாது, தூங்காது, சம்பளம் கேட்காது. அது ஆயிரம் ஓட்டல்களில் ஓடுகிறது. நாளைக்கு அந்த ஓட்டலுக்கு அவன் வேலை கேட்டுப் போனால், அவனுடைய வாசிப்பே உள்ளே உட்கார்ந்துகொண்டு அவனை வாசலில் நிறுத்துகிறது!

இதை அமெரிக்க வாத்தியக்காரர்கள் உணர்ந்தார்கள். அவர்களுக்கு 1896 முதலே ஒரு சங்கம் இருந்தது. அமெரிக்க இசைக்கலைஞர் சம்மேளனம் என்று பெயர். 1942 ஆகஸ்டு 1 முதல் எந்த உறுப்பினரும் எந்தக் கம்பெனிக்கும் ரிக்கார்டுக்கு வாசிக்கக்கூடாது என்று சங்கத் தலைவர் பெட்ரில்லோ உத்தரவிட்டார். விற்கிற ஒவ்வொரு ரிக்கார்டுக்கும் சங்க நிதிக்கு ஒரு பங்கு கொடு என்பது கோரிக்கை.

பத்திரிகைகள் கரித்துக் கொட்டின. "யுத்த காலத்தில் வேலைநிறுத்தமா?" என்றன. கம்பெனிக்காரர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். பாடகர்கள் அந்தச் சங்கத்தில் இல்லை. ஆகவே வாத்தியமே இல்லாமல், பின்னால் பத்துப் பேரை நிறுத்தி 'ஊ, ஊ' என்று வாயாலேயே இசை எழுப்பச் சொல்லி ரிக்கார்டு போட்டார்கள்! 1944 அக்டோபரில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே வேலைக்குத் திரும்பும்படி கேட்டார். சங்கம் மறுத்தது. டெக்கா கம்பெனி 1943-லேயே பணிந்துவிட்டது. பெரிய கம்பெனிகளான விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பரில் கையெழுத்திட்டன. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நின்றார்கள்! கிடைத்த நிதியிலிருந்து வேலையில்லாத வாத்தியக்காரர்களைக் கூலிக்கு அமர்த்தி, ஜனங்களுக்கு இலவசக் கச்சேரி நடத்தினார்கள். 1947-ல் டாப்ட்-ஹார்ட்லி சட்டம் சங்கத்தின் கையிலிருந்து அந்த நிதியைப் பறித்தது. 1948-ல் மறுபடி ரிக்கார்டு வேலையை நிறுத்தி, சங்கத்துக்கு வெளியே ஓர் அறங்காவலரை வைத்து நிதியைத் தொடரச் செய்தார்கள். 1959-ல் ஓய்வூதிய நிதி வந்தது. 1964 முதல், ரிக்கார்டுக்கு வாசித்தவர்களுக்கே விற்பனையை ஒட்டி ஆண்டுதோறும் ஒரு தொகை வர ஏற்பாடாயிற்று.

அந்தச் சங்கம் மாசு மறுவற்றது என்று நாம் சொல்லமாட்டோம். பல நகரங்களில் கறுப்பு வாத்தியக்காரர்களுக்குத் தனிக் கிளை வைத்திருந்த சங்கம் அது. அந்த வெட்கக்கேட்டை ஒழிக்க 1960-களும் அதற்குப் பின்னும் ஆயிற்று.

ஸ்டீல் கிட்டார் வாசித்தே ஒரு மனிதன் வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிக்கவைத்தது பெரும்பாலும் இந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான். அதற்கு நடுவே வாத்தியமும் மாறிவிட்டது. 1932-ல் மின்சார கிட்டார் கடைக்கு வந்தது. உலகில் விற்பனைக்கு வந்த முதல் மின்சார கிட்டாரே மடியில் வைக்கும் ஸ்டீல் கிட்டார்தான். வாணலி மாதிரி இருந்ததால் அந்தப் பெயரே வைத்துவிட்டார்கள்! பிறகு அதற்குக் கால் வைத்து, மிதிகட்டை பூட்டினார்கள். வாசிக்கும்போதே மிதித்தால் தந்தியின் சுருதி மாறும். 1954-ல் பட் ஐசக்ஸ் என்பவர் மிதிகட்டையோடு வாசித்த ஒரு கிராமியப் பாட்டு நாடெங்கும் முதலிடத்துக்கு வந்தது. அவ்வளவுதான். மறுநாளே ஆளாளுக்குத் தங்கள் கிட்டாரில் கம்பியையும் கட்டையையும் கட்டி மிதிகட்டை பூட்டக் கிளம்பினார்கள். புது மெஷின் வந்தால் பழைய மெஷின்காரன் என்ன பாடுபடுவான் என்று உங்களுக்குத் தெரியும்.

அமெரிக்கக் கிராமியப் பாட்டுக்கு நாஷ்வில் நகரம் கோடம்பாக்கம் மாதிரி. அங்கே ரிக்கார்டு வேலைக்கு 'செஷன்' என்று பெயர். மூன்று மணி நேரம், நான்கு பாட்டு வரை. சங்கம் குறித்த கூலிக்குக் குறைந்து வாசிக்கக்கூடாது. குழுவுக்குத் தலைமை தாங்குகிறவருக்கு இரட்டைக் கூலி. ஒரே நாளில் மூன்று, நான்கு செஷன் வாசித்தவர்கள் இருந்தார்கள். அப்படி வாழ்ந்தவர்களில் லாயிட் கிரீன் பேர்போனவர். ஆனால் அவரே அந்த நிலைக்கு வருமுன் நாஷ்வில்லில் செருப்புக் கடையில் வேலை பார்த்தவர். பட்டி எம்மன்ஸ் என்பவரை இந்த வாத்தியத்தின் சக்கரவர்த்தி என்பார்கள். 18 வயதில் நாஷ்வில் வந்தார். அவரும் வாசிப்பை மட்டும் நம்பவில்லை. 1957-ல் கூட்டாளியோடு சேர்ந்து கிட்டார் செய்து விற்றார். பிறகு சொந்தக் கம்பெனி வைத்தார். வேறு பாடகரோடு போகும்போது வேறு கிட்டாரும் வாசித்தார். பீட் டிரேக் பாட்டுகளின் பதிப்புரிமையை வாங்கி, தாமே முதலாளியானார். ஆக, உச்சியில் இருந்தவர்களுக்கும் இரண்டாவது வருமானம் ஒன்று இருந்தது. உச்சிக்கு வராதவர்கள் பாடகனோடு பஸ்ஸில் படுத்து ஊர் ஊராகப் போனார்கள். பாடகனுக்குக் காய்ச்சல் என்றால் அவர்களுக்குக் கூலி இல்லை.

இந்த வாத்தியம் பிறந்த ஹவாயிலே என்ன நடந்தது? சர்க்கரையை ஏற்றிச் சென்ற அதே மாட்சன் கப்பல் கம்பெனி, உல்லாசப் பயணிகளையும் ஏற்றிவந்தது. 1927-ல் வைகிகிக் கடற்கரையில் மாளிகை போன்ற ஓட்டல் கட்டியது. அந்தக் கம்பெனிக்குப் பின்னால் நின்றவர்கள் கரும்புத் தோட்டங்களை ஆண்ட அதே ஐந்து பெரிய கம்பெனிகளைச் சேர்ந்தவர்கள். 1935 முதல் 1975 வரை அந்தக் கடற்கரையிலிருந்து 'ஹவாய் அழைக்கிறது' என்ற ரேடியோ நிகழ்ச்சி ஒலிபரப்பானது. அதில் ஸ்டீல் கிட்டார்தான் நாயகம். வெள்ளைக்காரனைக் கப்பலேற வைக்கும் விளம்பரம் அது. 1946-ல் அந்தத் தீவுகளின் கரும்புத் தொழிலாளிகள் சுமார் 26,000 பேர் 79 நாள் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். ஓட்டலில் வாசித்தவனுக்கு அந்தப் பலம் வர வெகுநாள் ஆயிற்று.

கேபி பஹினுயி என்று ஒருவர். ஹவாய் மக்கள் இன்றைக்கும் கொண்டாடுகிற வாத்தியக்காரர். ஸ்டீல் கிட்டாரிலும் மன்னன், சாதாரண கிட்டாரிலும் மன்னன். இரவில் வைகிகியில் வாசித்தார். பகலில் என்ன செய்தார் தெரியுமா? ஹொனலூலு நகராட்சியின் ரோடு வேலையில் கடப்பாரையும் மண்வெட்டியும் பிடித்தார்! வார முடிவில் வாய்மனாலோவில் உள்ள அவர் வீட்டில் கூட்டம் கூடும். பாட்டு விடிய விடிய நடக்கும். அங்கே யாரும் டிக்கெட் வாங்கவில்லை. 1980-ல் அவர் காலமானார். கடப்பாரை பிடித்த கையில் அந்த மென்மை எப்படி இருந்தது என்று எழுதுகிறவர்கள் வியக்கிறார்கள். நாம் வியக்கவில்லை. இந்த அறையில் உள்ள கைகளைப் பார்த்தாலே போதும்.

இளந்தோழருக்கு நம் பதிலைச் சொல்லிவிடுகிறோம். முடியும். முடித்துக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பலரை ஒருநாள் கச்சேரிக் கூலி காப்பாற்றவில்லை. சொல்லிக்கொடுத்த கூலி, வாத்தியம் செய்த கூலி, குடும்பமே உழைத்த கூலி, சங்கம் பிடுங்கிக் கொடுத்த கூலி, இவையெல்லாம் சேர்ந்து காப்பாற்றின. ஆகையால் மில் வேலையை இப்போது விடாதீர்கள். காலை ஷிப்ட் கேட்டு வாங்கித்தர யூனியனில் பேசுகிறோம். மாலையில் பழகுங்கள். யாராவது ரிக்கார்டுக்கு வாசிக்கக் கூப்பிட்டால், எத்தனை மணி நேரம், என்ன கூலி, பிறகு விற்றால் என்ன பங்கு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு உட்காருங்கள். வெட்கப்படாதீர்கள். உங்கள் ஊரில் வாசிக்கிற மற்றவர்களையும் தேடிப் பிடித்து, இன்ன தொகைக்குக் குறைந்து வாசிப்பதில்லை என்று உங்களுக்குள் முதலில் பேசி முடியுங்கள்.

இன்னொரு செய்தி. தோழர் சென்ற வாரமே சொன்னார். நாம்தான் உங்களிடம் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் சாக்கில் சுற்றி வைத்திருப்பது என்ன என்று சிலர் கேட்டீர்கள். அது அவருடைய கிட்டார். இரவு ஷிப்ட் சங்குக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது. பெஞ்சைச் சற்று நகர்த்திப் போடுங்கள், அவர் உட்கார இடம் வேண்டும்.