பதின்மூன்று வயதுப் பிள்ளையை ஏழு வயதுப் பிள்ளையாக நடத்தலாமா?

(கள்ளக்குறிச்சியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மாலை வகுப்பு தொடங்கியபோது எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பாயில் உட்கார வைத்தோம். அது எங்கள் தவறு.

ஏழு வயதுப் பிள்ளைக்குப் புளியங்கொட்டையைக் கையில் கொடுத்தால்தான் கூட்டல் விளங்கும். அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022இல் சிறு வகுப்புகளுக்குப் பாட்டையும் விளையாட்டையும் கொண்டுவந்தது இதற்காகத்தான். பன்னிரண்டு வயதில் அவனே மனக்கணக்குப் போடுகிறான். ‘இதை ஏன் படிக்கணும்?’ என்றும் கேட்கிறான். நாம் அதைத் திமிர் என்கிறோம். கண்ணில் படாததையும் யோசிக்கும் அறிவு சுமார் 11 வயதுக்குப் பிறகே வருகிறது என்றார் சுவிட்சர்லாந்து அறிஞர் ஜான் பியாஜே. அந்தக் கேள்வி அறிவு வளர்ந்ததற்கு அடையாளம்.

எங்கள் வகுப்பில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் வாய்ப்பாட்டில் தடுமாறினான். சின்னப் பிள்ளைகள் முன்னால் அதட்டிவிட்டோம். மறுநாள் வரவில்லை. பத்து நாள் கழித்து வீட்டுக்குப் போனால், “மெக்கானிக் கடைக்குப் போறான், பள்ளிக்கூடமும் போகலை” என்றார் அவன் அம்மா. 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். ஆனால் அவனை அங்கே அனுப்பியது எங்கள் வாய்தான். மூன்றாவது முறை போனபோது, “சின்னப் பசங்களுக்கு நீ சொல்லிக்கொடுக்கிறியா?” என்று கேட்டோம். வந்தான். பள்ளிக்கும் போகிறான். எங்களிடம் மட்டும் இன்னும் அதிகம் பேசுவதில்லை.

கல்வராயன் மலையில் இன்னொரு விதம். பெற்றோர் வெளியூருக்குக் கூலி வேலைக்குப் போக, சிறு வயதிலேயே உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கும் பிள்ளைகள் உண்டு. அப்படி ஒரு பிள்ளை பேசாமல் இருந்தால் மந்தம் என்று முடிவு கட்டாதீர்கள். அம்மாவைத் தேடும் வயது அது.

2024 ஜூனில் நம் ஊரில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய் என அரசு அறிவித்தது. உதவி தேவைதான். ஆனால் இழப்பைச் சந்தித்த பிள்ளை உடனே அழாமலும் இருக்கலாம். பல மாதம் கழித்தும் படிப்பில் சரியலாம், எரிந்து விழலாம். அப்போது மதிப்பெண்ணைக் கேட்காமல் பக்கத்தில் உட்காருங்கள்.

திங்கட்கிழமை முதல் சிறியவர்களுக்கு அஸருக்குப் பிறகும், பெரியவர்களுக்கு மஃரிபுக்குப் பிறகும் வகுப்பு. பெரிய பிள்ளைகளை நீங்கள் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டாம், அவர்களே வரட்டும்.