வரவுப் பக்கமும் செலவுப் பக்கமும்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தேர்தலையும் வரியையும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால வரியைப் பத்திப் பேசினா யாரு கேப்பா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் எந்தக் கட்சி மேடையிலும் ஏறியவன் அல்ல. பேரேடு எழுதியே வயிறு வளர்த்தவன். ஆகவே இதைக் கணக்குப் பிள்ளையின் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை ஓட்டுப் போடப் போகும் பிள்ளைகள் பலர் இங்கே இருக்கிறார்கள். என் பேச்சு முக்கியமாக அவர்களுக்குத்தான்.

"வரியைக் குறைப்பேன், அரசாங்கத்தின் வீண் செலவை ஒழிப்பேன்" என்று ஒரு வேட்பாளர் பிரசாரத்தைத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனே கை தட்டத் தோன்றும். வரி கட்டப் பிடித்தவர் யார் இருக்கிறார்? அமெரிக்காவில் இருந்து வந்திருக்கும் நம் நண்பர்களுக்கு இந்தக் குரல் நன்றாகத் தெரியும். 1988-இல் ஜார்ஜ் புஷ் புதிய வரியே கிடையாது என்று வாக்குக் கொடுத்து அதிபரானார். 1990-இல் பற்றாக்குறை கழுத்தை நெரிக்க, வரியை உயர்த்தச் சம்மதித்தார். 1992-இல் மக்கள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இது அமெரிக்கச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம் மண்ணிலேயே இந்தக் குரல் ஒலித்து, வென்றும் இருக்கிறது. 1967 பொதுத்தேர்தலில் சிவகாசி மக்களவைத் தொகுதியில் வென்றது சுதந்திராக் கட்சி. மூதறிஞர் ராஜாஜி தொடங்கிய கட்சி அது.

இளைய தலைமுறைக்காகக் கொஞ்சம் விவரம் சொல்கிறேன். 1959-இல், 80 வயதில், ராஜாஜி அந்தக் கட்சியைத் தொடங்கினார். கூட்டுறவுப் பண்ணை வேண்டாம், தொழில் செய்கிறவன் கையைக் கட்டாதே, வரியைக் குறை, சர்க்கார் செலவை அடக்கு என்பது அவர் பேச்சு. "பர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம்" என்று அன்றைய ஆட்சிக்குப் பெயர் வைத்தார். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1957-இல், நிக்கோலஸ் கால்டார் என்ற பொருளாதார அறிஞரின் யோசனைப்படி சொத்துக்கு ஒரு வரி, செலவுக்கு ஒரு வரி என்று மத்திய அரசு புதிதாகப் போட்டிருந்தது. மறு ஆண்டே நன்கொடைக்கும் வரி வந்தது. சம்பாதித்தாலும் வரி, சேர்த்தாலும் வரி, செலவழித்தாலும் வரி, சும்மா கொடுத்தாலும் வரி! பின்னாளில் 1973-74-இல் வருமான வரியின் உச்ச விகிதம், கூடுதல் வரியும் சேர்த்து, 97.75 சதவீதம் வரை போனது. நூறு ரூபாயில் இரண்டேகால் ரூபாய்தான் கைக்கு. ராஜாஜியின் எச்சரிக்கை வெறும் கற்பனை என்று யாரும் தள்ளிவிட முடியாது.

ஆனால் பேரேட்டில் முந்தின பக்கத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். 1939-இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தவரும் இதே ராஜாஜிதான். இந்தியாவிலேயே முதல் பொது விற்பனை வரி அது. ஏன் போட்டார்? 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கள், சாராய வருமானம் போயிற்று. அந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது? விற்பனை வரியைக் கொண்டு நிரப்பினார். வியாபாரிகள் கோபித்தார்கள். ஆனாலும் இந்த வரவை விடுகிறேன், அதற்குப் பதில் இந்த வரவை எடுக்கிறேன் என்று இரண்டு பக்கத்தையும் எழுதிக் காட்டினார். அவர் கொள்கை யாருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், கணக்கு எழுதும் முறை அதுதான்.

இனி 1967-க்கு வருவோம். அந்தத் தேர்தலில் சுதந்திராக் கட்சி நாடு முழுவதும் 44 மக்களவை இடங்களைப் பெற்று மிகப் பெரிய எதிர்க்கட்சியாக அமர்ந்தது. சிவகாசியில் வரியை எதிர்த்துத்தான் மக்கள் ஓட்டுப் போட்டார்களா? அப்படிச் சொன்னால் அது சரியான கணக்காகாது. அரிசிப் பஞ்சம் இருந்தது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் சூடு ஆறவில்லை. தி.மு.க.வோடு கூட்டணி இருந்தது. இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். கூட்டணியின் ஒரு கட்சி செலவைக் குறை என்கிறது. இன்னொரு கட்சி ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்கிறது. ஒரே மேடையில் சிக்கனமும் உண்டு, மானியமும் உண்டு. ஓட்டுப் போட்டவர் இதில் எதற்குப் போட்டார்? ஜெயித்த பிறகு ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. அதற்குமேல் கொண்டுபோகக் கஜானா இடம் கொடுக்கவில்லை.

அதே தேர்தலில்தான் நம்ம ஊர் விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில் பெருந்தலைவர் காமராஜ் 1,285 ஓட்டில் தோற்றார். தோற்கடித்தவர் பெ. சீனிவாசன் என்ற இளைஞர். ஊரூராகப் பள்ளிக்கூடம் திறந்து, 1956-இல் மதிய உணவைத் தொடங்கியவர் காமராஜ். பணத்துக்கு எங்கே போவது என்று அதிகாரிகள் கையைப் பிசைந்த காலத்தில், பிள்ளைகள் பட்டினியாக இருக்கக்கூடாது என்பதில் பிடிவாதமாக நின்றவர். செலவு என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். அந்தச் சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். அதை வீண் செலவு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? 1971-இல் ராஜாஜியும் காமராஜும் ஒரே அணியில் நின்றது வேறு கதை. அப்போதும் ஜெயிக்க முடியவில்லை.

காமராஜுக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நம்ம ஊர்த் தெருவைத்தான் காட்டுவேன். சர்க்கார் வரி வருமுன்பே இந்த ஊர்கள் தமக்குத் தாமே வரி போட்டுக்கொண்டன. அதற்குப் பெயர் மகமை. வாங்கி விற்கும் சரக்கின் மேல் ஒரு சிறு தொகை உறவின்முறைக்குப் போகும். அதிலிருந்து கிணறு, பேட்டை, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் நடக்கும். விருதுநகரில் பள்ளிக்கூடத்துக்காக வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். உலையில் போடும் முன்னால் ஒரு கைப்பிடி அரிசி பானையில் தனியாக விழும். காமராஜ் படித்த க்ஷத்ரிய வித்யாசாலா அப்படி வளர்ந்த பள்ளி.

மகமை கொடுக்க யாரும் முணுமுணுக்கவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மனுசன் மனுசன்தானே! ஆனால் கொடுத்தவர் மறுநாள் அந்தப் பள்ளிக்கூடத்து வாசல் வழியாகவே கடைக்குப் போனார். தன் காசு செங்கல்லாக நிற்பதைக் கண்ணால் பார்த்தார். கணக்கில் சந்தேகம் வந்தால், "அண்ணாச்சி, இந்த வருசக் கணக்கைக் கொஞ்சம் வாசிங்க" என்று கேட்க முடிந்தது. வரி கசப்பதற்குப் பாதிக் காரணம் அதன் அளவு. மீதிப் பாதி, அது போன இடம் தெரியாமல் இருப்பது.

அடுத்து தீப்பெட்டி. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுத் திரும்பியது உங்களுக்குத் தெரிந்த வரலாறு. 1934-இல் வெள்ளைக்கார அரசாங்கம் தீப்பெட்டிக்கு எக்சைஸ் வரி போட்டது. வரி கட்டியதற்கு அடையாளமாகப் பெட்டி மேல் பேண்ட்ரோல் ஒட்ட வேண்டும். தொல்லைதான். ஆனால் காலப்போக்கில் அதே எக்சைஸ் சட்டம் நமக்குக் குடையும் ஆயிற்று. விம்கோ போன்ற பெரிய இயந்திரக் கம்பெனிக்கு ஒரு விகிதம், கையால் செய்யும் சிறு ஆலைக்குக் குறைந்த விகிதம் என்று வித்தியாசம் வைத்தார்கள். அந்த வித்தியாசம் இல்லாவிட்டால் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிச் சிறு ஆலைகள் விம்கோவை எதிர்த்து நின்றிருப்பது சந்தேகமே. ஆகவே "வரி ஒழிக" என்று மொட்டையாக ஒருவர் முழங்கும்போது, எந்த வரி, யார் மேல் என்று கேளுங்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி குறைத்தால் பெரியவருக்கு லாபமாகவும் சின்னவருக்கு நஷ்டமாகவும் முடியலாம்.

ஜி.எஸ்.டி. வந்தபோது இதை நேரிலேயே பார்த்தோம். 2017 ஜூலை 1-இல் பட்டாசுக்கு 28 சதவீதம் போட்டார்கள். சிவகாசியில் ஆலைகளை மூடிப் போராட்டம் நடந்தது. பிறகு அது 18 சதவீதமானது. தீப்பெட்டியில் கைத்தொழிலுக்கு 5, இயந்திரத்துக்கு 18 என்று இருந்தது. 2020 ஏப்ரல் முதல் இரண்டுக்கும் ஒரே 12 ஆக்கினார்கள். பழைய வித்தியாசம் போயிற்று. 2025 செப்டம்பரில் அந்த 12 சதவீத அடுக்கையே பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த விகிதங்களை ஆராய்ந்து பரிந்துரைப்பது ஜி.எஸ்.டி. கவுன்சில். மத்திய நிதியமைச்சரும் மாநில அமைச்சர்களும் அதில் உட்காருகிறார்கள். ஓட்டெடுப்பு என்று வந்தால் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு மதிப்பு. முடிவாக நாலில் மூன்று பங்கு வேண்டும். சாதாரண எம்.பி.க்கு அங்கே நாற்காலி கிடையாது. "என்னை ஜெயிக்க வையுங்கள், மறுநாளே பட்டாசு வரியைக் குறைக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், தன் சாவி இல்லாத பீரோவைத் திறந்து காட்டுவதாகச் சொல்கிறார் என்று அர்த்தம்.

அப்படியானால் எம்.பி.யால் என்ன முடியும்? நிறைய முடியும். வருமான வரி விகிதம் நிதி மசோதாவில் வருகிறது. பண மசோதா மக்களவையில்தான் தொடங்க வேண்டும். ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கையும் அங்கேதான் ஓட்டுக்கு வருகிறது. பிடிக்காத செலவுக்கு வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். தணிக்கை அறிக்கையை எடுத்துவைத்துக் கேள்வி கேட்கலாம். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி. அந்த 5 கோடியில் கட்டின நிழற்குடை எல்லார் கண்ணிலும் படும். லட்சக்கணக்கான கோடி பட்ஜெட்டில் அவர் எழுந்து கேட்ட கேள்வி யார் கண்ணிலும் படாது. ஆனால் அவருக்கு நாம் சம்பளம் கொடுப்பதே அந்தக் கேள்விக்காகத்தான்.

இப்போது செலவுப் பக்கம். இதைச் சொல்லாமல் போனால் நம்ம ஊர் மக்களுக்குத் துரோகம். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிபட்டியில் நடந்த வெடி விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தார்கள். அதற்கு முன்னும் நடந்தது, பின்னும் நடந்திருக்கிறது. ஆலையைச் சோதிக்கும் அதிகாரி, தீயணைப்பு வண்டி, தீக்காயப் பிரிவு, அங்கே இரவிலும் இருக்க வேண்டிய மருத்துவர், இதெல்லாம் கணக்கில் செலவுத் தலைப்பின் கீழ்தான் வருகிறது. "அரசு ஊழியர் எண்ணிக்கையைக் குறைப்பேன்" என்று வேட்பாளர் சொன்னால் கை தட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் பொறுங்கள். குறையப் போவது எந்த நாற்காலி? காகிதத்தை நகர்த்தும் நாற்காலியா, மருந்துக் கலவை அறையைப் பார்க்க வரும் நாற்காலியா? அதேபோல், இருக்கிற அதிகாரி சரியாகப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் அந்தச் சம்பளமும் வீண் செலவே. தொகையை மட்டும் பார்த்துச் செலவு நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. அந்தப் பணம் போய்ச் சேர்ந்த இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும்.

ஆகவே பிள்ளைகளே, உங்கள் தெருவுக்கு வேட்பாளர் வரும்போது, எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, மரியாதையாகவே கேளுங்கள்: "ஐயா, எந்த வரியைக் குறைக்கப் போறீங்க? அதனால எவ்வளவு வரவு குறையும்? அதை ஈடுகட்ட எந்தச் செலவை நிறுத்துவீங்க? அதைச் செய்ய எம்.பி.க்கு அதிகாரம் இருக்கா?" இலவசம் தருவேன் என்பவரிடமும் இதையே திருப்பிக் கேளுங்கள்: "பணம் எங்கே இருந்து வரும்?" கோபப்பட்டால் அதுவும் ஒரு பதில்தான். "விசாரித்துச் சொல்கிறேன் தம்பி" என்றால் அவரைக் கொஞ்சம் நம்பலாம். ஒரு மக்களவை வேட்பாளர் தேர்தலுக்கு 95 லட்சம் வரை செலவு செய்யலாம் என்று 2022-இல் வரம்பு வைத்தார்கள். அதற்கும் அவர் கணக்குக் கொடுக்க வேண்டும். தன் செலவுக் கணக்கையே ஒழுங்காகக் கொடுக்காதவர் நாட்டின் செலவைத் திருத்துவார் என்று எப்படி நம்புவது?

முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் தொழில் செய்கிறோம். வரி அதிகம் என்று பேசும் உரிமை, கட்ட வேண்டிய வரியைக் கட்டிவிட்டுப் பேசும்போதுதான் கனமாக இருக்கும். பில் இல்லாமல் விற்றுவிட்டு அரசாங்கத்தின் ஊழலைப் பற்றி மணிக்கணக்கில் பேசினால் எதிரே இருக்கும் மாணவன் சிரிப்பான். கட்டினவன் கேட்டால்தான் கணக்கு வாசிப்பார்கள். மகமை கொடுத்த நம் பெரியவர்கள் நமக்கு விட்டுப்போன பாடம் இதுதான்.

வரவுப் பக்கத்தை மட்டும் காட்டுகிறவரையும் நம்பாதீர்கள், செலவுப் பக்கத்தை மட்டும் காட்டுகிறவரையும் நம்பாதீர்கள். இரண்டையும் கூட்டிக் கழித்து, அடியில் கோடு போட்டு, கையெழுத்தும் போடுகிறவருக்கு உங்கள் ஓட்டைக் கொடுங்கள். அப்படி யாருமே வரவில்லை என்றால், உங்களில் ஒருவர் ஒருநாள் அந்த வேட்பாளராக நில்லுங்கள். உங்களுக்காகத் தெருத்தெருவாக நோட்டீஸ் கொடுக்க நான் வருகிறேன்.

சாப்பாட்டுக்கு இலை போட்டுவிட்டதாகச் சீட்டு வந்திருக்கிறது.