இஞ்சி எலுமிச்சைச் சாறு – குடிக்கத் தயங்கலாமா?

(அணைக்கட்டு வட்டாரக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சந்தா, உள்கடன், வங்கிக் கடன் எல்லாம் பேசி முடித்தாச்சு. இனி கொஞ்ச நேரம் நம்ம உடம்பைப் பற்றிப் பேசுவோம்.

வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் 100 டிகிரியைத் தாண்டும் ஊர் என்றால் நம்ம ஊர் பேர்தான் முதலில் வரும். அந்த வெயிலில் நூறு நாள் வேலைக்குப் போகிறோம், களை எடுக்கிறோம், பீடி சுற்றுகிறோம். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போய், நாள் முழுக்க மிஷின் முன்னால் உட்காருகிறோம். வேர்வை கொட்டுகிறது. ஆனால் தண்ணீர் குடிக்கிறோமா?

குடிப்பதில்லை. ஏன்? குடித்தால் "ஒதுங்க" போகணும். வயலில் மறைவான இடம் கிடையாது. கம்பெனியில் அடிக்கடி எழுந்து போனால் ஏதாவது சொல்வார்களோ என்று தயக்கம். அதனால் காலையில் ஒரு டம்ளர் காபியோடு சரி, சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் சொம்பைத் தூக்குகிறோம். இப்படியே இருந்தால் நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று, சிறுநீரகக் கல், தலைசுற்றல், மலச்சிக்கல் எல்லாம் ஒவ்வொன்றாக வரும். ஐந்து ரூபாய் தண்ணீரை மிச்சம் பிடித்து, ஆஸ்பத்திரிக்கு உள்கடன் வாங்குகிற கதை இதுதான்.

இதற்கு ஒரு சின்ன வழி, வீட்டிலேயே செய்யும் இஞ்சி எலுமிச்சைச் சாறு. இது புதுசு ஒன்றும் இல்லை. ஸ்ரீராம நவமிக்குக் கொடுக்கும் பானகம் என்ன? வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சைதானே! குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் வைகாசி வெயிலில் தண்ணீர்ப் பந்தல் வைத்து நீர்மோரும் பானகமும் ஊற்றுகிறார்கள். வெயில் காலத்தில் வெறும் தண்ணீர் போதாது, கொஞ்சம் உப்பும் புளிப்பும் இனிப்பும் சேரணும் என்று பெரியவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள்.

தினமும் எடுத்துப் போக (1 லிட்டர் பாட்டிலுக்கு)

எலுமிச்சம்பழம் 2, கட்டைவிரல் அளவு இஞ்சி ஒரு துண்டு, பொடித்த வெல்லம் 3 தேக்கரண்டி, உப்பு இரண்டு சிட்டிகை.

இஞ்சியைத் தோல் சீவி நசுக்கி, அரை டம்ளர் தண்ணீர் விட்டுப் பிழியுங்கள். உடனே ஊற்றிவிட வேண்டாம். பத்து நிமிஷம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மண்டி தங்கும். அதை விட்டுவிட்டு மேலே இருக்கும் தெளிவை மட்டும் எடுங்கள். வெல்லத்தைத் தனியாகக் கரைத்து வடிகட்டுங்கள். மண், தூசு நின்றுவிடும். பளிச்சென்று மஞ்சளாக இருக்கும் வெல்லத்தைவிட, கருத்த வெல்லமே மேல். கடைசியாக எலுமிச்சையைப் பிழிந்து கலக்குங்கள். விதை நசுங்கினால் கசக்கும். புளிப்பு பட்டால் பித்தளை, செம்பு, அலுமினியம் களிம்பு விடும். எவர்சில்வர், மண்பானை, கண்ணாடி இவைதான் சரி.

தண்ணீர் விஷயத்தில் உஷார்

நம்ம தோல் பதனிடும் பகுதியில் இதைத் தனியாகச் சொல்லியே ஆகணும். பாலாற்று ஓரத்தில் பல கிணறு, போர் தண்ணீரில் தோல் கழிவு இறங்கியிருக்கிறது. இதற்காக நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே, மாசுபடுத்தியவரே இழப்பீடு தரணும் என்று தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியிலும் பாலாறு பாதிப்பு பற்றி மறுபடி கண்டித்து உத்தரவு போட்டது.

"கொதிக்க வைத்துவிட்டோமே" என்று சிலர் சொல்கிறீர்கள். கொதித்தால் கிருமிதான் சாகும். உப்பும் ரசாயனமும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகும். எலுமிச்சை பிழிந்தால் உப்புக் கரிப்பு நாக்குக்குத் தெரியாமல் போகும், தண்ணீர் நல்லதாகிவிடாது. அதனால் காவிரி கூட்டுக் குடிநீர் வரும் ஊர்களில் அதைக் காய்ச்சி ஆற வைத்துப் பயன்படுத்துங்கள். வராத ஊரில், எந்தத் தண்ணீர் குடிக்க ஏற்றது என்று பரிசோதித்துத் தரச் சொல்லி கிராம சபையில் மனு கொடுங்கள். மீன் பெட்டிக்குப் போடும் ஐஸ் கட்டியை இதில் போடவே கூடாது.

யாருக்கு எப்படி?

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் வெல்லம் இல்லாமல் குடிக்கலாம். பிரஷர் உள்ளவர்கள் உப்பை விட்டுவிடுங்கள். வயிற்றுப் புண், நெஞ்செரிச்சல் இருந்தால் இஞ்சியும் புளிப்பும் குறைவாக இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறுக்கு மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் இது போதாது. அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கிக் கொடுங்கள்.

இன்னொரு நன்மையும் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்த சோகை. கீரை, கேழ்வரகு, பயறு சாப்பிடும்போது எலுமிச்சை சேர்த்தால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்புச் சத்தை உடம்பில் ஏற்ற உதவும். சாப்பிட்ட உடனே டீ, காபி குடித்தால் அது தடுக்கும். ஆகவே மத்தியான சாப்பாட்டுக்குப் பின் டீக்குப் பதில் இந்தச் சாறு ஒரு டம்ளர்.

விற்பனைக்குச் செய்யும் குழுவுக்கு

சர்க்கரை 1 கிலோவை அரை லிட்டர் தண்ணீரில் கொதிக்க விட்டு, வடிகட்டி, நன்றாக ஆற விடுங்கள். அதில் எலுமிச்சைச் சாறு அரை லிட்டர் (25 முதல் 30 பழம்), தெளிந்த இஞ்சிச் சாறு 100 மில்லி சேருங்கள். சூட்டில் எலுமிச்சை ஊற்றினால் மணமும் சத்தும் போய்விடும். ஒன்றே முக்கால் லிட்டர் அளவுக்குச் சர்பத் கிடைக்கும். ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் சேர்த்தால் சுமார் 40 டம்ளர் வரும். கொதிநீரில் கழுவி உலர்த்திய கண்ணாடி பாட்டிலில், ஃபிரிட்ஜில் 10 நாள் வைக்கலாம். வெளியில் வைத்தால் அன்றன்றைக்கே தீர்த்துவிடுங்கள். நுரை கட்டி, மூடி திறக்கும்போது "புஸ்" என்று வந்தால் புளித்துவிட்டது என்று அர்த்தம். தயங்காமல் கொட்டிவிடுங்கள். இது இனிப்பு அதிகம். காது குத்து, கல்யாணம், திருவிழாவுக்குத்தான். தினமும் குடிக்க முதலில் சொன்ன அளவே நல்லது.

பாட்டிலில் அடைத்து விற்பதென்றால், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்யணும். "ஸ்குவாஷ்" என்று லேபிள் ஒட்ட, சாறு 25 சதவீதமாவது இருக்கணும். கெடாமல் இருக்க மருந்து போடுவதைக் கண் அளவில் செய்யாதீர்கள். பக்கத்திலேயே விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது; அங்கே போய்க் கேளுங்கள். விலை வைக்கும்போது பழம், சர்க்கரை, கேஸ், பாட்டில், பஸ் செலவோடு உங்கள் கூலியையும் எழுதுங்கள். அதை விட்டுவிட்டு "லாபம்" என்று சொல்வது நம்ம வழக்கம். அது லாபம் இல்லை, நம்ம உழைப்பு.

கடைசியாக

சாறு செய்வது பத்து நிமிஷ வேலை. அதைத் தயங்காமல் குடிப்பதுதான் கஷ்டம். வேலை செய்யும் இடத்தில் குடிநீரும் பெண்களுக்குக் கழிப்பறையும் இருக்கணும் என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. எழுந்து போவது யாரும் போடும் பிச்சை இல்லை. தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால், பத்துப் பேர் சேர்ந்து கேளுங்கள். வங்கி மேனேஜரிடம் அப்படிப் போய்த்தானே கடன் வாங்கினோம்?

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் இரண்டு வேலை செய்து வாருங்கள். ஒன்று, ஒவ்வொரு உறுப்பினரும் வேலைக்குப் போகும்போது 1 லிட்டர் பாட்டில் எடுத்துப் போகணும். சிறுநீர் மஞ்சள் கரைத்தது போல் போனால் தண்ணீர் போதவில்லை. வெளிர் நிறத்தில் போனால் சரி. இதுதான் நம்ம அளவுகோல். இரண்டு, உங்கள் வேலை இடத்தில் கழிப்பறை இருக்கிறதா, பூட்டாமல் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார்த்து, தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வாருங்கள். அதை வைத்து அடுத்து எங்கே மனு கொடுப்பது என்று சேர்ந்து முடிவு பண்ணுவோம்.

வெளியே மேசையில் பானை வைத்திருக்கிறது. ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறணும்.